எச்சில் படாத பொதுச் சட்டி

சென்ற காணும் பொங்கலன்று இரவு, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் உள்ள எங்கள் வீட்டில், பன்னிரண்டு பேர் இரண்டு கல்சட்டிகளைச் சுற்றி அமர்ந்து, உருகிய சீஸில் ரொட்டித் துண்டுகளைத் தோய்த்து உண்டோம். ஃபாண்ட்யூ என்று பெயர் பெற்ற இந்தச் சுவிட்சர்லாந்து உணவை விருந்துக்குச் செய்யலாம் என்று நான் முதன்முதலில் சொன்னபோது, பெரியகுளத்தில் பிறந்து வளர்ந்த என் மாமியார் சிறிது நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, ஒரே சட்டியில ஆளாளுக்குக் குச்சிய விட்டு எடுத்தா எச்சியாகாதா?"

அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஊறுகாய் ஜாடியில் ஈரக்கரண்டி படக்கூடாது, குடத்துத் தண்ணீரை அண்ணாந்து குடிக்க வேண்டும், பரிமாறும் கரண்டி இலையைத் தொடக்கூடாது என்று மூன்று தலைமுறையாகப் பழகிய வீட்டில், ஒரே பாத்திரத்தில் பலரும் உணவைத் தோய்த்து எடுப்பது என்பது சிறிய செய்தி அன்று. அவர் அந்த வட்டத்தில் மனம் ஒப்பி அமரவேண்டும் என்பதே என் விருப்பமாக இருந்தது. தனிக் கிண்ணத்தில் ஊற்றி அவரிடம் நீட்டிவிட்டால் அது வேறு உணவாகிவிடும். ஆகவே ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கிய என் ஆயத்தங்களில், சீஸ் திரியாமல் உருகுவது எப்படி என்ற கேள்வியும், எச்சில் படாமல் பகிர்வது எப்படி என்ற கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே வந்தன.

உருகியது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே ஃபாண்ட்யூ. சுவிட்சர்லாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள நூஷாத்தெல், ஃப்ரிபூர் போன்ற மாநிலங்கள் ஒவ்வொன்றும் தமக்கெனச் சீஸ் கலவை வைத்திருக்கின்றன. ஃப்ரிபூரில் க்ரூயேர் பாதியும் வாஷ்ரான் பாதியும் சேர்ப்பார்கள். சீஸை ஒயினில் வேகவைக்கும் குறிப்பு 1699-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜூரிக் சமையல் ஏடு ஒன்றிலேயே இருக்கிறது. ஆனால் அது நாட்டின் பொது உணவாக ஆனது 1930-களில்தான். சீஸ் விற்பனையை நிர்வகித்த சுவிஸ் சீஸ் யூனியன் என்ற அமைப்பு, தேங்கிய சீஸை உள்நாட்டில் விற்பதற்காக, ஃபாண்ட்யூவைத் தேசிய உணவாகவே முன்னிறுத்தி விளம்பரம் செய்தது. மலைவாழ் மக்களின் உணவு என்று இன்று பலரும் எண்ணினாலும், அதற்கு முன்பு அது மேற்குச் சுவிட்சர்லாந்தின் தாழ்நில நகரவாசிகளின் உணவாகவே இருந்தது. காய்ந்த ரொட்டி, முதிர்ந்த சீஸ், ஒரு மண்பாத்திரம், ஒரு நெருப்பு ஆகியவை இருந்தால் போதும். தை மாத இரவுகளில் பள்ளமான இடங்களில் புல்லின் மேல் உறைபனி படியும் எங்கள் ஊருக்கு அந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது.

மார்கழியில் நான் செய்த முதல் முயற்சி முழுத் தோல்வி. பாலையோ குழம்பையோ கொதிக்கவைப்பதுபோல எண்ணி, துருவிய சீஸைத் தண்ணீரில் கொட்டி, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டேன். நாலைந்து நிமிடங்களில் சட்டியின் நடுவில் ரப்பர் போன்ற ஒரு கட்டியும், அதைச் சுற்றி மஞ்சள் நெய்யும், அடியில் கலங்கிய தண்ணீரும் தனித்தனியே நின்றன. கால் கிலோ சீஸ் வீணானது. அது எனக்கு வலித்தது. பால் பொருளை வீணாக்குவது எங்கள் வீட்டில் எவருக்கும் பழக்கமில்லாதது. ஏன் இப்படி ஆனது என்பதை அறியாமல் மறுபடி அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சீஸ் என்பது பாலின் கேசின் என்ற புரதம் வலைபோலப் பின்னி, அந்த வலைக்குள் கொழுப்பையும் நீரையும் பிடித்து வைத்திருக்கும் பொருள். அந்த வலையின் இழைகளை ஒன்றோடொன்று கட்டி வைப்பதில் கால்சியத்துக்குப் பெரும் பங்குண்டு. சூடு ஏறும்போது முதலில் கொழுப்பு உருகுகிறது, பிறகு வலை தளர்கிறது. சூடு மேலும் ஏறினால் புரத இழைகள் நெருங்கிச் சுருங்கி, தம்மிடம் இருந்த நீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியேற்றிவிடுகின்றன. நான் கண்ட ரப்பர் கட்டியும் நெய்யும் அப்படி வந்தவைதான். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகத் தாமதமாவதற்குக் காரணமான அந்தக் குறைந்த கொதிநிலை சீஸுக்கு உதவியாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தது தவறு. சீஸுக்கு அந்தச் சூடே மிக அதிகம். சட்டியின் ஓரத்தில் சிறு குமிழ்கள் மட்டும் எழுந்து, மேலே ஆவி மெல்லப் பறக்கும் நிலையைத் தாண்டவே கூடாது.

சூட்டுக்கு அடுத்துப் புளிப்பு. சுவிஸ் வீடுகளில் புளிப்புள்ள வெள்ளை ஒயினை ஊற்றுவது போதைக்காக மட்டுமன்று. அந்த ஒயினில் உள்ள அமிலங்கள் கால்சியத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால் புரத இழைகள் பிரிந்து, குழைந்து, கொழுப்போடும் நீரோடும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் இந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்கிறது. 1911-இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்ட்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஷ்டெட்லர் என்ற இருவர், சீஸோடு சிட்ரேட் உப்பைச் சேர்த்து உருக்கி, நெடுநாள் கெடாத பதப்படுத்திய சீஸை உருவாக்கினார்கள். இன்று மளிகைக் கடையில் நாம் வாங்கும் கட்டிச் சீஸின் மூதாதை அதுவே. இந்தச் செய்தி எனக்கு இரண்டு வழிகளைத் திறந்துவிட்டது. ஒயின் இல்லாமலே, எலுமிச்சைச் சாற்றைக் கொண்டே ஃபாண்ட்யூ செய்யலாம். மேலும், கலவையில் சிறிதளவு பதப்படுத்திய சீஸைச் சேர்த்தால், அதில் ஏற்கெனவே உள்ள உப்புகள் மற்ற சீஸையும் திரியாமல் காக்கும். பெரியவர்களும் குழந்தைகளும் ஒன்றாக அமரும் பந்தியில் மது சேர்ந்த உணவை வைக்க எனக்கு மனமில்லை. கொதிக்கவைத்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று சொல்வதும் சரியன்று, ஒரு பகுதி உணவிலேயே தங்கிவிடும்.

மூன்றாவது காவல் மாவுச்சத்து. துருவிய சீஸில் சோளமாவைத் தூவிப் பிசிறிவிட்டால், சூட்டில் உப்பிப் பெருகும் அந்த மாவு புரதங்கள் மீண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இடையில் நின்று தடுக்கிறது. மோர்க்குழம்பு திரியாமல் இருக்க அரைத்த பருப்பையும் அரிசியையும் சேர்க்கிறோமே, அதே தந்திரம்தான். மோர்க்குழம்பை ஒருநாளும் தளதளவென்று கொதிக்கவிடாமல், நுரை கட்டியவுடன் இறக்கிவிடும் என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது, அவருக்கு ஃபாண்ட்யூவின் செய்முறை முழுவதும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நான் கால் கிலோ சீஸை இழந்து கற்றதை அவர் ஐம்பது ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்தார்.

எந்தச் சீஸ் என்பதில் நான் க்ரூயேரைத் தேடி அலையவில்லை. அது பழைய முறைப்படி கன்றுக்குட்டியின் இரைப்பையில் கிடைக்கும் உறைபொருளைக் கொண்டு செய்யப்படுவது, சைவம் உண்பவர்கள் பாதிப்பேர் இருக்கும் விருந்துக்கு அது ஆகாது. இங்கே மலையிலேயே கௌடாவும் செடாரும் தயாராகின்றன. உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் அந்தக் கவலை இல்லை. கௌடா நன்றாக உருகும், ஆனால் இனிப்புச் சாயலுள்ள சாதுவான சுவை உடையது. செடார் காரமான சுவை தரும், ஆனால் முதிர முதிர நெய் கக்கும். ஆகவே முதிராத செடாரையே எடுத்தேன். ஒரு சட்டிக்குக் கௌடா 350 கிராம், செடார் 200 கிராம், பதப்படுத்திய சீஸ் 50 கிராம் என்பது மூன்று முயற்சிகளுக்குப் பின் எனக்குப் பிடித்துப்போன கணக்கு. பீட்சாவில் நூலாக இழுபடும் மொஸரெல்லாவை இதில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சட்டிக்கும் தட்டுக்கும் நடுவே அறுபடாத நூல் தொங்கும், அந்த நூலை அறுக்க விரலோ உதடோ போகும், பிறகு அத்தையின் கேள்விக்கு என்னிடம் விடை இராது.

சுவிட்சர்லாந்தில் ஃபாண்ட்யூவையே முழு உணவாக உண்பவர்கள் ஆளுக்கு 200 கிராம் சீஸ் கணக்கிடுவார்கள். எங்கள் வீட்டில் மிளகு ரசமும் சோறும் பின்னால் காத்திருந்ததால் ஆளுக்கு 100 கிராம் போதுமானதாக இருந்தது. சட்டிக்கு ஆறு பேர், 600 கிராம் சீஸ், 300 மில்லி காய்கறி வேகவைத்த தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒன்றரை மேசைக்கரண்டி சோளமாவு.

பாத்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுவிஸ் வீடுகளில் காக்லோன் என்ற கனத்த, அகன்ற மண்பாத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் அடிப்பகுதி மட்டும் சட்டென்று சூடேறி சீஸ் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பரணில், வத்தக்குழம்புக்கென்று அத்தை தம் திருமணத்தின்போது கொண்டுவந்த மாக்கல் சட்டிகள் இரண்டு இருந்தன. மஞ்சளும் எண்ணெயும் தடவி, பல நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றி, பொறுமையாகப் பழக்கப்பட்டவை அவை. கல்சட்டி மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை நெடுநேரம் விடாது. இறக்கி வைத்த பிறகும் குழம்பு அதில் கொதித்துக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஃபாண்ட்யூவுக்கு இது பெரிய வரம், அதே நேரத்தில் ஆபத்தும்கூட. சீஸ் முக்கால் பங்கு உருகியதுமே அடுப்பை அணைத்துவிட வேண்டும், மீதியைக் கல்லே பார்த்துக்கொள்ளும். இதை அறியாமல் முழுதும் உருகும்வரை தீயை எரியவிட்டதால் என் இரண்டாவது முயற்சியிலும் ஓரத்தில் நெய் பிரிந்தது. ஆனால் அம்முறை ஒரு கரண்டி எலுமிச்சைச் சாற்றில் கரைத்த சோளமாவை ஊற்றி விடாமல் அடித்ததில் கலவை மீண்டும் ஒன்று சேர்ந்தது.

மேசையில் சூட்டைக் காப்பதற்குச் சிலர் கும்மட்டி அடுப்பில் கரி போட்டு வைக்கலாம் என்றார்கள். குளிருக்காகக் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அமரும் மலைவீட்டில் இதைச் செய்யவே கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழாமல் போன துயரத்தை மலையில் வாழ்பவர்கள் அறிவார்கள். கல்சட்டியின் கீழே இரும்பு முக்காலி வைத்து, அதனடியில் இரண்டு சிறிய மெழுகு விளக்குகளை ஏற்றினேன். அதுவே போதுமாக இருந்தது.

விருந்தன்று மாலை நான்கு மணிக்கே சீஸைத் துருவி, சோளமாவு பிசிறி, அடுப்புக்கு அருகில் வைத்துவிட்டேன். சமவெளியில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வைத்தால் போதும். தை மாதத்து எங்கள் சமையலறையில் அது அப்படியே சில்லென்றுதான் இருக்கும், குளிர்ந்த சீஸைப் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, அதை ஏற்ற நாம் தீயைக் கூட்டி, மறுபடி அதே ரப்பர் கட்டியில் போய் நிற்போம். பிறகு பூண்டு. சட்டியின் உட்புறத்தை ஒரு பூண்டுப் பல்லால் தேய்ப்பது சுவிஸ் வழக்கம். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளையும் எங்கள் மலைப்பூண்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது, சாதாரணப் பூண்டைவிடக் காட்டமான மணம் உடையது. ஒரு பல்லை இரண்டாக வெட்டித் தேய்த்தவுடன் கூடத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கேரட் தோலும் பீன்ஸ் நுனிகளும் வெந்த தண்ணீரை எலுமிச்சைச் சாற்றோடு சூடாக்கி, ஆவி வந்ததும் சீஸை ஒவ்வொரு கைப்பிடியாகப் போட்டு, முதல் பிடி உருகிய பிறகே அடுத்த பிடியை இட்டு, மரக்கரண்டியால் 8 போட்டுக் கிளறினேன். வட்டமாகக் கிளறினால் நடுவில் சீஸ் திரண்டு நின்றுவிடும், எட்டாகக் கிளறினால் கரண்டி ஒவ்வொரு முறையும் நடுவைக் கடந்து போகும். கடைசியில் துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகையும், தாண்டிக்குடி மிளகைக் கொரகொரப்பாகப் பொடித்ததும் சேர்த்தேன். உப்பு வேண்டியதில்லை.

தோய்ப்பதற்கு முந்தின நாள் ரொட்டிதான் சரி. புது ரொட்டி சட்டிக்குள்ளேயே நைந்து உதிர்ந்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் சிறிது மேல்தோல் இருக்கும்படி வெட்டினால் குச்சி அதில் குத்தி நிற்கும். தோலோடு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு, அரைவேக்காட்டில் எடுத்த கேரட், காலிஃபிளவர் ஆகியவற்றையும் வைத்தேன். ஊட்டியிலிருந்து வந்திருந்த நாத்தனார் வர்க்கி கொண்டுவந்திருந்தார். வெண்மையான மனத்தோடு கொண்டுவந்ததை மறுக்காமல் ஒன்றைத் தோய்த்துப் பார்த்தோம். அடுக்கடுக்காக உதிரும் அந்தப் பக்குவம் தேநீருக்கே உரியது, சீஸில் அது நிற்கவில்லை. எதிர்பாராமல் மிக நன்றாக அமைந்தது இட்லி. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்த காஞ்சிபுரம் இட்லியை முந்தின இரவே செய்து ஆறவிட்டு, சதுரமாக வெட்டித் தோசைக்கல்லில் நான்கு பக்கமும் சிவக்கச் சுட்டிருந்தேன். அதன் புளிப்பும் மிளகும் சீஸின் கொழுப்பை ஈடுகட்டின. இனி இந்த உணவை நான் எப்போது செய்தாலும் ரொட்டி இல்லாமல் செய்வேனே தவிர, அந்த இட்லி இல்லாமல் செய்யமாட்டேன்.

எச்சில் கேள்விக்கான விடையும் அந்த மேசையிலேயே இருந்தது. தேடிப் படித்தபோது, அந்த நாட்டிலும் ஃபாண்ட்யூ முள்கரண்டியில் உதடோ நாக்கோ படுவதை மரியாதைக் குறைவாகவே கருதுகிறார்கள் என்று அறிந்தேன். நாங்கள் அதை இன்னும் கண்டிப்பாக்கினோம். ஆளுக்கு ஒரு நீண்ட மூங்கில் குச்சி, ஒரு தட்டு. குச்சி சட்டிக்கும் தட்டுக்கும் இடையே மட்டுமே போய்வரும். தோய்த்த துண்டைச் சட்டிக்கு மேலேயே ஒரு சுற்றுச் சுற்றி வழிவதை நிறுத்தி, தட்டின் விளிம்பில் தட்டி உதிர்த்துவிட்டு, கையால் எடுத்து உண்ண வேண்டும். ஒருமுறை கடித்த துண்டு மறுபடி சட்டிக்குள் போகக்கூடாது. இதை நான் விளக்கிச் செய்துகாட்டியபோது அத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இது பரிமாறுற கரண்டி மாதிரிதான்" என்று சொல்லி, முதல் இட்லித் துண்டைத் தாமே குத்தி எடுத்தார். அதன்பின் குழந்தைகளைக் கண்காணிக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். பத்து வயதுப் பேரனின் குச்சி வாய்ப்பக்கம் போனபோது, அதை வாங்கி வைத்துவிட்டு வேறு குச்சி கொடுத்தவர் அவர்தான்.

உண்ணும்போது குளிர்ந்த நீர் குடித்தால் சீஸ் வயிற்றில் உறைந்துவிடும் என்று சுவிட்சர்லாந்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஒயின் அல்லது சூடான தேநீர்தான் குடிப்பார்கள். ஜூரிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 20 பேருக்கு ஃபாண்ட்யூ கொடுத்துச் சோதித்து, 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட முடிவின்படி, ஒயின் குடித்தவர்களின் இரைப்பை, தேநீர் குடித்தவர்களுடையதைவிட மெதுவாகவே காலியானது. எங்கள் மேசையில் சுக்குமல்லிக் காப்பி இருந்தது. கொழுப்பு மிகுந்த உணவுக்கு இடையிடையே அந்தக் காரம் மிக இதமாக இருந்தது என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. வேறு எந்த விருந்திலும் எங்கள் குடும்பம் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பந்தியில் பெண்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பதுதான் எங்கள் வழக்கம். அன்று பரிமாறுவதற்கு எதுவுமே இல்லை, ஆகவே நாங்களும் முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தோம். சட்டி கெட்டிப்படத் தொடங்கினால் யாராவது ஒருவர் ஒரு கரண்டி சுடுதண்ணீர் ஊற்றிக் கிளறுவார். தோய்க்கும் ஒவ்வொருவரும் அடிவரை குச்சியை விட்டு எடுப்பதால் கலவை தானாகவே கலங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா மட்டும் நான்கு துண்டுகளோடு நிறுத்திக்கொண்டு ரசத்துக்காகக் காத்திருந்தார், ஆனால் அவரும் எழுந்து போகவில்லை.

கடைசியில் சட்டியின் அடியில் சீஸ் பொன்னிறமாக முறுகிப் படிந்திருந்தது. பிரெஞ்சு பேசும் சுவிஸ் மக்கள் இந்தப் பொருக்கைக் கன்னியாஸ்திரீ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள், விருந்தின் மிகச் சிறந்த பகுதியாக அதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வெண்ணெய் காய்ச்சும் நாளில், நெய்யை வடித்த பிறகு அடியில் நிற்கும் முருங்கைக்கீரை மணக்கும் கசடுக்காகச் சட்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகள் அல்லவா நாமெல்லாம்? மெழுகு விளக்குகளை அணைத்து, பொருக்கு கல்லிலிருந்து தானாக விடும்வரை காத்திருந்தேன். தோசைத் திருப்பியால் அத்தை அதை வில்லையாகப் பெயர்த்து, பன்னிரண்டாகப் பிட்டு, ஒவ்வொருவர் தட்டிலும் கைபடாமல் மேலிருந்து போட்டார். பிறகு இரண்டு சட்டிகளிலும் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தார். சீயக்காய் போட்டுத் தேய்க்க வேண்டும், சோப்பு போட்டால் கல் குடித்துவிடும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, ரசத்தைச் சூடாக்க உள்ளே போனார்.